பிய்த்த தோசையும் என் சிக்கலும்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்பதை என் கணவர் நான்கு வருடமாக ஒரே சொல்லில் முடித்து வைத்திருந்தார்: சிக்கல். இரண்டு குவாண்டம் துகள்கள் எவ்வளவு விலகிப் போனாலும் விட்டுப்போகாத தொடர்புக்குத் தமிழில் 'பின்னல்' என்று பெயர், சிக்கல் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவரோடு லோரி ஓட்டுபவர்களிடமும் "வைஃப் சிக்கல்ல பிஎச்டி பண்றாங்க" என்றே சொல்லியிருந்தார். அவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபத்தோடு நலம் விசாரித்தார்கள்.

போன மாதம் நிஜமாகவே சிக்கலில் மாட்டினேன். ஆய்வுக் குழுவின் முன், பின்னல் இல்லாத ஜோடிகளை ஒரு வட்டத்துக்குள் அடைத்து வரைந்த படத்தைக் காட்டிப் பேசும்போது, "இந்த வடிவத்தில் பள்ளம் விழுந்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று ஒருவர் கேட்டார். சமன்பாடாக எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். வாயால் விளக்கத்தான் வரவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு தருவதாகவும், அதிலும் தடுமாறினால் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ப்ரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தோசையைத் தொடாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லு, பார்ப்போம்" என்றார் எதிரே இருந்த கணவர்.

"பின்னல் இல்லாத ஜோடி எல்லாம் இந்தத் தோசைக்குள்ள இருக்குன்னு வச்சுக்குங்க. பின்னல் உள்ளது வெளிய. இந்தச் சட்னிச் சொட்டு வெளியதான்னு காட்ட, ரெண்டுக்கும் நடுவுல கரண்டிக் காம்ப நேரா வச்சா போதும். தோசை முழுக்க ஒரு பக்கம், சொட்டு மறுபக்கம். அந்தக் காம்புக்குப் பேர் சாட்சி."

அவருக்குப் பசி. கேட்டுக்கொண்டே என் தோசையின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிய்த்த பள்ளத்தில் ஒரு சொட்டுச் சட்னி விழுந்தது. காம்பை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் வெளியதானே? எப்படி வச்சாலும் காம்பு தோசை மேல ஏறுது லா."

நான் மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினேன். பள்ளம் விழுந்தால் நேர்க்கோட்டுச் சாட்சி செல்லாது. குழு கேட்டதற்குப் பதில் அதுதான். என் தோசையைத் தின்றுவிட்ட அந்த மனிதர்மீது அப்போது அவ்வளவு பிரியமாக இருந்தது.

இரண்டாம் முறை பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன், ஒன்று முழுசு, ஒன்று பிய்த்தது. கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டார். வெளியே காத்திருந்த கணவரிடம் வந்து பாஸ் என்றேன். அவர் உடனே பந்திங்கில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"சிக்கல் தீர்ந்துச்சுக்கா" என்றார்.

நான் திருத்தவில்லை.