இருமல் இல்லாத பேட்டி

ஒரே காமிராவில் எடுத்த பேட்டியை வெட்டி ஒட்டுகிறவனை யாரும் பாராட்ட மாட்டார்கள். வெட்டு கண்ணில் பட்டால்தான் அப்படி ஒருவன் இருப்பதே பிறருக்குத் தெரியும். இன்று கம்ப்யூட்டர் முன்னால் கழுத்து வலிக்க இதே வேலையைச் செய்கிறவர்களே, கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு உங்களுக்காவது புரியும்.

ஜலகண்டாபுரத்து நெசவாளர் செங்கோடரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவரைப் பேட்டி எடுத்து முடித்த சாயங்காலம். ஐம்பதுகளின் கடைசி அது. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராக இருந்தேன். யாரிடமும் படித்ததில்லை, குப்பைக்கூடையில் விழுந்த பிலிம் துண்டுகளை ஒட்டி ஒட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அந்த ஊர் நெசவாளர் சங்கம், அதைத் தொடங்கிய செங்கோடரைப் பேசவைத்து ஒரு சின்னப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தது. மனிதர் நன்றாகப் பேசினார். ஆனால் பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தார். நாங்கள் சாமான்களை வேனில் ஏற்றும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசுனதப் பூராப் போடுங்க சாமி. இருமுனத மட்டும் காட்டிராதீங்க. ஊரு சனமே பாக்கும்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் படத்தை வெட்ட உட்காருவதற்குள் அவர் இறந்துபோனார். இனி ஒன்றையும் திருப்பி எடுக்க முடியாது. சொன்ன சொல் மட்டும் என் தலையில் நின்றது.

காலி நாற்காலி

இருமலை வெட்டி எறிவது சுலபம். எறிந்த இடத்தில் பேசுகிறவர் தலை இங்கிருந்து அங்கே துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்க, கேள்வி கேட்டவர் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை நடுவில் வைக்க வேண்டும். காமிரா ஒன்றுதானே? அதனால் செங்கோடர் பேசி முடித்து உள்ளே படுக்கப் போனதும், காமிராவைத் திருப்பிவைத்து, கேள்வி கேட்ட சங்கச் செயலாளர் ராமசாமியை மறுபடி அதே கேள்விகளைக் கேட்கச் சொன்னோம். பதில் வருவதாக நினைத்துக்கொண்டு மெதுவாகத் தலையசைக்கவும் சொன்னோம்.

எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க, காலி நாற்காலிக்குத் தலையாட்டறத எம்பட பொண்டாட்டி பாத்தான்னா, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவாளுங்க!"

சும்மா இருக்கும் சத்தம்

கிளம்புவதற்கு முன் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்தக் கூடத்தின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்யச் சொன்னேன். ஸ்டுடியோவில் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். இருமலை எடுத்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் விட்டால், கிணற்றில் விழுந்த மாதிரி காது அடைத்துப்போகும். அங்கே அந்த வீட்டின் அமைதியையே எடுத்து நிரப்ப வேண்டும்.

செங்கோடரின் மனைவி பாப்பாயி அம்மாள் அடுப்படி வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் கேட்டார்: "சும்மா இருக்கறதயுமாங்க புடிச்சுக்கிட்டுப் போறீங்க?"

பக்கத்து வீட்டுத் தறி

அவர்கள் வீட்டுத் தறியை நிறுத்தியிருந்தோம். பக்கத்து வீட்டில் முகூர்த்தப் புடவை அவசரம். அந்தத் தறி நிற்கவில்லை. செங்கோடர் குரலுக்குப் பின்னால் 'டக்கு, டக்கு' என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. கண்ட இடத்தில் வெட்டினால் தறியின் தட்டு தாளம் தப்பும். நெசவு ஊரில் அதைக் கேட்காத காது உண்டா? அதனால் அவர் மூச்சு எடுக்கிற இடமும் தறி தட்டுகிற இடமும் சேர்கிற நொடியைத் தேடித் தேடி வெட்டினேன். ஒட்டிய பிறகும் தறி ஒரே சீராக ஓடியது.

எங்கள் காமிராமேன் மாணிக்கம் சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "யோவ், வேலையை ஆரம்பிக்கவே இல்லையா நீ? எங்கய்யா வெட்டியிருக்கே?"

ரோசலியின் கை

ஓரிடம் மட்டும் அடங்கவில்லை. சங்கம் தொடங்கிய கதையைச் சொல்லும்போது ஒரு பெரிய இருமல். ராமசாமி தலையாட்டியதையெல்லாம் அதற்குள் மற்ற வெட்டுகளில் போட்டுத் தீர்த்துவிட்டேன். பாப்பாயி அம்மாள் ராட்டையில் தார் சுற்றுவதை, அதாவது ஊடைநூலைக் குச்சியில் சுற்றுவதை, மாணிக்கம் எடுத்திருந்தார். அந்தப் பிலிம் புகை படிந்தது போலக் கலங்கிப்போயிருந்தது. துக்க வீட்டில் போய், இன்னொரு முறை சுற்றுங்கள் என்று எப்படிக் கேட்பது?

என் மனைவி ரோசலி பிறந்த வீட்டில் தார் சுற்றியவள். மாதாகோயிலிலிருந்து வந்தவளை நேரே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டாள். செங்கோடரின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருமலுக்கு நன்றாக முன்னாலேயே அந்தக் கைகளைக் காட்டிவிட்டேன். வெட்டிய இடத்தில் போய் மாற்றினால், எதையோ மறைக்கிறான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

ராட்டை முன்னால் உட்காரும்போது ரோசலி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏங்க, மூஞ்சி விழாதில்ல? தலையெல்லாம் கலைஞ்சு கெடக்கு."

சங்கத்துத் திரை

சங்கத்து விழாவில் படம் போட்டார்கள். நான் பாப்பாயி அம்மாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செங்கோடர் பேசினார், பேசினார், இருமவே இல்லை. ஒரு வெட்டைக்கூட ஊர் கண்டுபிடிக்கவில்லை. அன்று எனக்கு இருந்த கர்வம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

விளக்குப் போட்டதும் பாப்பாயி அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "இத்தன நேரம் இருமாம அவரு பேசி நான் பாத்ததே இல்லீங்க சாமி. அந்தக் கையி மட்டும் என்னுதில்ல, நானு பீச்சாங்கைக்காரி. ஆருதா இருந்தா என்னங்க, நூலு அறாமச் சுத்துது."

ரோசலி போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் கல்யாணப் போட்டோவில் அவள் கைகள் பூச்செண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. வெட்டியது தெரியாமல் வெட்டுகிறவன் என்று பேர் வாங்கிய எனக்கு, என் மனைவி அசைவது படமாக மிஞ்சியிருப்பது இன்னொருவர் பேட்டியில், முகம் இல்லாமல், ஒரு இருமல் இருந்த இடத்தில்.