ஸ்ரீநகரிலிருந்து லே, டெல்லி வழியாக

சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகளுக்கு எதிரே ஒரு டிராவல்ஸில் விமான டிக்கெட் போடுகிறவள் என் அக்கா பொன்னி. அதிர்ந்து பேச மாட்டாள். யார் என்ன செய்தார்கள் என்பதை மறக்கவும் மாட்டாள்.

அவள் கணவர் மோசஸ் மாமா அங்கே ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டினார். போன வருஷம் ஹரிசங்கர் என்ற மேனேஜரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனார். பொத்தேரியில் நண்பரிடம் ஒரு பை வாங்க வேண்டும் என்றார் மேனேஜர். வண்டலூரில் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும், நேரமாகிவிடும் என்று மாமா சொல்லிப் பார்த்தார்.

"வழிதானே, போப்பா."

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டி, விமானத்தைத் தவறவிட்டார் மேனேஜர். டிரைவர் வழி தெரியாமல் சுற்றினான் என்று ஹரிசங்கர் புகார் கொடுத்தார். மாமாவின் வேலை போனது. அந்தக் கெட்ட பெயரோடு ஓ.எம்.ஆர். ரோட்டில் வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. இப்போது மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் வேன் ஓட்டுகிறார்.

இந்தக் கோடையில் அதே ஹரிசங்கர் அக்காவின் மேசைக்கு வந்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. மனைவி கோதை, மகள் அதிதியோடு ஸ்ரீநகர் போய், அங்கிருந்து லே போக வேண்டுமாம். எவ்வளவு தூரம் என்று கேட்டார். வான்வழியில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், நேர் விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றாள். அது உண்மை. நேர் விமானத்தில் இரண்டு இடம்தான் இருக்கிறது என்றாள். அது பொய். குழந்தைமேல் அவளுக்கு என்ன கோபம்? அந்த இரண்டும் தாய்க்கும் மகளுக்கும்.

"உங்களுக்கு டெல்லி வழியா போடட்டுமா சார்?"

நம் ஊர்க்காரர்களுக்கு வடக்கே எந்த ஊரும் டெல்லிப் பக்கம்தான். ஹரிசங்கர் யோசிக்கவே இல்லை.

"டெல்லி வழிதானே, போடுங்கோ."

டெல்லி வரை தெற்கே இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். தூரம் ஐந்து மடங்கு. லேவுக்குப் பெரும்பாலும் காலையில்தான் விமானம். அக்கா அவருக்கு ஸ்ரீநகரில் மதியம் கிளம்பும் விமானத்தைத் தேடிப் போட்டாள். டிக்கெட்டில் அவர் கிளம்பும் நேரத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்.

பயண நாளன்று சாயங்காலம் டெல்லியிலிருந்து கூப்பிட்டார். மனைவியும் மகளும் லேவில் மத்தியானச் சாப்பாடே முடித்துவிட்டார்களாம். இவர் விடியும்வரை ஏர்போர்ட்டில் கிடக்க வேண்டும். வழி தெரியாதவளை யார் இந்த வேலையில் வைத்தது என்று கத்தினார். அக்கா முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு வழி தெரியும் சார். என் வூட்டுக்காரருக்கும் தெரியும். பொத்தேரி வழிதானேன்னு சொன்னீங்களே, அந்த டிரைவர் மோசஸ்."

ஹரிசங்கர் போனை வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது மாமா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ராத்திரி பூரா சேர்லயே குந்திகினு இருப்பானா?"

"வேற எங்க போவாரு?"

"டெல்லியோட வுட்டுட்டியே. திருவனந்தபுரம் வழியா போட்டிருக்கலாம்."

ஹரிசங்கர் புகார் கொடுத்தால் அக்காவுக்கும் வேலை போகும். கொடுக்கட்டும் என்கிறாள். அவள் ஏன் அப்படிப் போட்டாள் என்று கேட்டால், பொத்தேரியையும் அவர் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.