தொலைபேசிக்கு ஒருவர்

பெர்லினில் அந்த மார்கழி விடுமுறைக்கு நாங்கள் போட்ட திட்டங்களில் எப்போதும் ஓர் ஆள் குறைவு. எங்கே போவது என்று பேசத் தொடங்கினாலே, வீட்டில் இருப்பது யார் என்ற கேள்வி முந்திக்கொண்டு வந்து நின்றது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்துச் சனம் போருக்கு அஞ்சி மழைக்குள் நடந்து ஊரைவிட்டு வெளியேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சனத்துக்குள் எங்கள் அப்பாவும் நடந்தார், தனியாக. அம்மா சில வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், நனைந்த குடையோடு அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அங்கிருந்து யாராவது கொழும்புக்கு வந்து சேர்ந்தால், கொழும்பில் இருக்கும் சித்தப்பா விசாரித்து எங்களுக்குப் போன் எடுப்பார். பூமி அவ்வளவு பெரியது. எங்களுக்கு அது ஒரு வயர் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

நான் அப்போது ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். அக்கா பெர்லினில், நொய்கோல்ன் பகுதியில், நான்காம் மாடியில். இரண்டு வீட்டில் காத்திருப்பதை ஒரு வீட்டில் காத்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் எங்களை வரச்சொன்னார். சித்தப்பாவிடம் இனி பெர்லின் நம்பருக்கே எடுக்கச் சொல்லிவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

அத்தானுக்கு ஓர் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. கிடைத்த லீவில் பட்டாளத்துத் தளபதி போல நகர வரைபடத்தைக் கம்பளத்தில் விரித்து, அகப்பைக் காம்பால் சுட்டிக் காட்டினார்.

“மச்சான், இது ஜெர்மன் திட்டம். நாளைக்குக் காலமை மிருகக்காட்சிச்சாலை. மற்ற நாள் பனிச்சறுக்கு. பிறகு டீவிக் கோபுரம். உங்கட ‘இந்தா வெளிக்கிடுறம், இந்தா வெளிக்கிடுறம்’ எல்லாம் இதுக்குள்ள சரிவராது.”

“முதல்ல நீங்கள் விடிய எழும்புங்கோ. பிறகு ஜெர்மன்காரனாகலாம்” என்றார் அக்கா குசினிக்குள்ளிருந்து.

என் மகள் வரைபடத்தின் மேல் முழங்காலூன்றிக் கேட்டாள். “எல்லாரும் ஒண்டாப் போவமோ?”

அகப்பைக் காம்பு நின்றுவிட்டது. “முறை வைச்சுப் போவம், குஞ்சு” என்றார் அத்தான். “ஒராள் போனுக்கு.”

அப்படித்தான் போனோம். நீர்யானையைப் பார்க்கப் போன அன்று வீட்டில் இருந்தது அக்கா. கிறிஸ்துமஸுக்குப் போட்ட நத்தார்ச் சந்தையில் பிள்ளைகள் சீனிப்பாகு தோய்ந்த அப்பிள் தின்ற அன்று வீட்டில் இருந்தது என் மனைவி. விளக்குகள், வெள்ளை மூச்சுகள், ராட்டினம், ராட்டினத்தின் இசை. எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இப்போது மணி அடிக்கிறதோ, இப்போது அடிக்கிறதோ என்று நாங்கள் நொய்கோல்ன் வீட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மணி அடிக்காமலும் இல்லை. தெரிந்த தமிழ்ச் சனமெல்லாம் எடுத்தது. “செய்தி ஏதும் வந்ததோ? நான் கனநேரம் கதைக்கேல்லை, உங்கட லைனை மறிச்சு வைச்சிருக்கக் கூடாதெண்டு எனக்குத் தெரியும்...” என்று தொடங்கி, அதையே கால் மணித்தியாலம் சொன்னார்கள்.

“லைனை மறிக்கக் கூடாதெண்டு சொல்லுறதுக்கே இஞ்ச லைன் போதாது” என்றார் அத்தான்.

பனிச்சறுக்கு நாள் என் முறை. வீடு அடங்கியதும் நான் ரிசீவரைத் தூக்கிப் பார்த்தேன், உயிர் இருக்கிறதா என்று. உடனே பயம் பிடித்தது, அந்த ஒரு கணத்தில் கொழும்பு எடுத்திருந்தால்? வைத்தேன். யன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். பின்னேரம் இருட்டத் தொடங்குகையில் மணி அடித்தது.

“மோனை” என்றார் சித்தப்பா. “அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்.”

எங்கள் ஆட்கள் சாவைச் சாவென்று அறிவிப்பதில்லை. முதலில் சுகமில்லை, பிறகு கடுமை, அதற்குப் பிறகுதான் மற்றது. கேட்பவர் ஒவ்வொரு படியாக இறங்கி வரட்டும் என்று. நான் படிகளை விட்டுக் குதித்தேன்.

“எப்ப, சித்தப்பா?”

வயருக்குள் கடல் இரைந்தது. “ஐப்பசியிலயே. காய்ச்சலாம். கிளிநொச்சிக்குப் போய்ச் சேரமுந்தி.”

“கொள்ளி ஆர் வைச்சது?”

“கூட நடந்து வந்த ஒரு மனிசனாம். பேர் தெரியேல்லை, மோனை.”

அப்பாவுக்கு நான் ஒரே மகன். பெயர் தெரியாத ஒரு மனிதர், தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, என்னுடைய நெருப்பைக் கையில் எடுத்திருக்கிறார்.

படிக்கட்டில் பிள்ளைகளின் சத்தம் ஏறி வந்தது. கன்னம் சிவந்து, கையுறை நனைந்து, யார் அதிகம் விழுந்தது என்ற சண்டையோடு உள்ளே வந்தார்கள். அக்கா வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்.”

அவர் நிமிரவில்லை. ஒரு சப்பாத்து கையில், மற்றது காலில். “எப்ப?” என்றார்.

சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்து விரல்களை மடித்தார், நிமிர்த்தினார், மீண்டும் மடித்தார். “முப்பத்தொண்டாம் நாளும் கழிஞ்சு போச்சு, தம்பி. நாங்கள் அறியாமலே.”

சாவுத் துடக்கு நாட்கள் முடிந்தபின் செய்தி கேட்டால், தலை முழுகினால் போதும் என்பது முறை. அக்கா குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு நான் போனேன். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் செய்ய மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை அத்தான் வரைபடத்தை மடித்தார்.

“ஏன் மடிக்கிறியள்?” என்றார் அக்கா. “கோபுரத்துக்குப் போவம்.”

“சனம் துக்கம் விசாரிக்க வருமப்பா.”

“பின்னேரம் வரட்டும். பிள்ளையள் எல்லாரும் ஒண்டாப் போவமெண்டு கேட்டதுகள். இனி ஆர் போனுக்கு இருக்கவேணும்?”

போனோம், கதவைப் பூட்டிக்கொண்டு, ஒருவரும் மிச்சமில்லாமல். கோபுரத்தடியில் ரிக்கெற் கொடுத்த பெண், இன்றைக்கு மேலே மூட்டம், ஒன்றும் தெரியாது என்று எச்சரித்தார். பரவாயில்லை என்றோம். மேலே கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. எந்தப் பக்கம் போனாலும் அதே வெள்ளை. பிள்ளைகள் மூக்கை அழுத்தி நகரத்தைத் தேடினார்கள். அத்தான் ஒரு வயதான ஜெர்மன்காரரிடம் கமராவைக் கொடுத்தார். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, எல்லோரும் படத்துக்குள் வரவில்லை, நெருங்குங்கள் என்று கையால் காட்டினார்.

“கிட்ட வா, தம்பி” என்றார் அக்கா. “இன்னும் கிட்ட.”