இந்திராணி வரையாமல் விட்ட கை

ஓரிக்கைக்குப் போகும் சாலையில் ராமராஜன் நடத்தும் டூல் ரூமில் இந்திராணி பதினெட்டு வருஷமாக வரைபடம் போடுகிறாள். தொழிற்சாலைகளில் இரும்புத் துண்டுகளைப் பற்றவைக்கும்போது அவை இம்மியும் நகராமல் பிடித்துவைக்க ஒரு சட்டம் வேண்டும். அதை ஃபிக்ஸ்சர் என்பார்கள். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஃபிக்ஸ்சர் செய்து கொடுப்பதுதான் ராமராஜனின் தொழில். துண்டு எங்கே உட்கார வேண்டும், அதைத் தாங்கும் முளை எத்தனை மில்லிமீட்டர் உயரம், அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் வரைந்து கொடுப்பவள் இந்திராணி.

அவளுடைய அப்பா அப்பாதுரை கழனி வேலைக்காரர். அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கியே காலம் கழித்தவர். பெண் பத்தாவது முடித்ததும் ஐடிஐயில் படம் வரையும் பிரிவில் சேர்த்துவிட்டார். நாற்பது பேர் வகுப்பில் இரண்டே பெண்கள். பலகையில் தாளை ஒட்டி, பென்சிலைக் கூர்சீவி, மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று மூன்று தோற்றங்களையும் வரையக் கற்றாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பென்சில் போய் மவுஸ் வந்ததே தவிர வேலை மாறவில்லை. அதே கோடு, அதே மூன்று தோற்றம். "இந்திராணி டிராயிங்னா கண்ண மூடிக்கினு வெட்டலாம்பா" என்று இரும்பை வெட்டிக் கடையும் கடைசல்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ராமராஜன் மாடலிங் மென்பொருள் ஒன்று வாங்கினார். ஜீவிதா என்ற இளம் இன்ஜினியரையும் அதற்காகவே சேர்த்துக்கொண்டார். அதில் கோடு போடுவது தொடக்கம்தான். அந்தக் கோட்டை இழுத்துக் கனமாக்கி, பொருளையே கம்ப்யூட்டருக்குள் செய்துவிடலாம். சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். பாகங்களைப் பொருத்தி அசைத்தும் பார்க்கலாம். இந்திராணிக்கு அதன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஜீவிதா இரண்டு நாள் உட்கார்ந்து மாடல் செய்வதை அவள் ஒரு காலையில் கோட்டில் முடித்துவிடுவாள்.

"எத மாடல்ல போடறது, எத டிராயிங்லயே முடிக்கறதுன்னு நீயே சொல்லிடு இந்திராணிமா. உனக்குத்தான் தெரியும்" என்று ராமராஜன் அந்தப் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார். அவள் வைத்திருந்த கணக்கு எளிமையானது: பெரிய ஃபிக்ஸ்சர் என்றால் மாடல், சின்னது என்றால் டிராயிங்.

போன ஆடி மாதம் உள்ளங்கை அகலத்தில் பிராக்கெட் என்ற வளைந்த தகடு ஒன்றுக்கு ஃபிக்ஸ்சர் கேட்டு வந்தார்கள். இரண்டு முளை, ஒரு தாங்கு கட்டை, காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு கிளாம்ப். காலால் பெடலை மிதித்தால் கிளாம்ப் கால்வட்டம் சுழன்று கீழே இறங்கி பிராக்கெட்டை அமுக்கும். பெடல்தான் வேண்டும் என்று தொழிற்சாலையே எழுதிக் கேட்டிருந்தது.

"அக்கா, கிளாம்ப் சுத்தி இறங்குதே. மாடல் போட்டுப் பாத்துடலாமா?" என்று ஜீவிதா கேட்டாள்.

"இத்தினிக்கூண்டு பிராக்கெட்டுக்கு எதுக்கு மாடல்? மூணு வியூ போதும்மா."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே டிராயிங் முடிந்தது. தொழிற்சாலைக்காரர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஃபிக்ஸ்சர் செய்யப்பட்டு வண்டியேறிப் போனது.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ராமராஜன் கையில் போனோடு உள்ளே வந்து நின்றார். உட்காரவில்லை.

"அந்தப் பிராக்கெட் ஃபிக்ஸ்சர்ல ஒரு ஆளு கை மாட்டிக்கிச்சாம். எடது கை. ரெண்டு வெரல எடுத்துட்டாங்களாம்."

ஆளின் பெயர் உதயகுமார். வயது இருபத்தேழு. மாகறலில் வீடு. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சில நாளில் தொழிற்சாலையின் விசாரணை அறிக்கை வந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அதில் ஒரே வரி. கூடவே, ஃபிக்ஸ்சருக்கு ஒரு தடுப்புத் தகடு வைத்துத் தரச் சொல்லி ஒரு கடிதம்.

"நம்ம டிராயிங்ல தப்பு இல்லமா. அவங்க பாத்து கையெழுத்து போட்டுத்தானே எடுத்துக்கினு போனாங்க" என்றார் ராமராஜன்.

இந்திராணி தன் இடத்துக்குப் போனாள். அந்த டிராயிங்கைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பக்கவாட்டுத் தோற்றத்தில் கிளாம்ப் மூடிய நிலை முழுக்கோட்டில் இருந்தது. திறந்த நிலை புள்ளிக்கோட்டில் இருந்தது. நடுவில் அது எந்த வழியாகச் சுழன்று வருகிறது என்பது எங்கேயும் இல்லை. அதற்கு ஒரு வளைகோடு போதும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த வளைகோட்டைப் பார்த்து டூல் ரூமில் யாரும் எந்த இரும்பையும் வெட்டப்போவதில்லை. வெட்டுவதற்கு வேண்டியதை மட்டுமே வரைவது அவள் பழக்கம்.

கணவர் வீரபத்திரன் டவுன் பஸ் ஓட்டுநர். அன்று இரவு அவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"உன் பேர் எங்கயாவது எழுதியிருக்குதா?" என்று கேட்டார்.

"டிராயிங் ஓரத்துல இருக்குது. வரைந்தவர் இந்திராணின்னு."



மறுநாளே அவள் ஜீவிதாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தடுப்புத் தகட்டை வரைவதற்கு முன்னால் அந்த ஃபிக்ஸ்சரை முழுசாக மாடலில் செய்து பார்க்க வேண்டும், அதையும் தானே செய்ய வேண்டும் என்றாள். எளிதாக வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கோடு போட்டுப் பழகிய கை. எதைத் தொட்டாலும் கோடாகவே யோசித்தது. ஒரு பாகத்தை இன்னொன்றோடு பொருத்தும்போது அது தலைகீழாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அழித்துவிட்டு மறுபடி செய்வாள். மூன்று வாரமானது. கடைசியில் அடித்தட்டு, முளைகள், கட்டை, பிராக்கெட், கிளாம்ப் எல்லாம் திரையில் கூடி நின்றன. கிளாம்பை மெல்லச் சுழற்றி இறக்கினாள். ஏதாவது ஒன்று மற்றொன்றோடு இடித்தால் அந்த இடம் சிவப்பாகிவிடும் என்று ஜீவிதா சொல்லியிருந்தாள்.

எதுவும் சிவப்பாகவில்லை. கிளாம்ப் சுழன்று வந்து பிராக்கெட்டின்மேல் சுத்தமாக உட்கார்ந்தது.

"பாத்தீங்களா அக்கா? எங்கயும் இடிக்கல. நான் அன்னைக்கே மாடல் போட்டிருந்தாலும் இதுதான் வந்திருக்கும். நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றாள் ஜீவிதா. ஆறுதலுக்காகச் சொன்னதுதான்.

"அப்ப அந்தத் தம்பியோட வெரல் எங்க இருந்துச்சு?" என்றாள் இந்திராணி.

ஜீவிதா திரையைப் பார்த்தாள். அதில் இரும்பு இருந்தது. ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரபத்திரன் அவளைத் தன் பைக்கில் உட்காரவைத்து மாகறலுக்கு அழைத்துப் போனார். செவிலிமேட்டில் அவர்கள் வீட்டைத் தாண்டியதுமே பாலாற்றுப் பாலம். அவள் பையில் நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் காலிப்பரும் ஒரு நோட்டும் இருந்தன. கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு என்று விசாரித்துப் போனார்கள். வீரபத்திரன் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

உதயகுமாரின் அம்மா காந்தா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்திருப்பதாக நினைத்து எழுந்தாள்.

"கம்பெனி இல்லமா. அந்த ஃபிக்ஸ்சர வரைஞ்சது நான்" என்றாள் இந்திராணி.

காந்தாவுக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின. புரிந்ததும் முகம் மாறியது. "அதுக்கு இப்ப இன்னாத்துக்கு வந்த? பாத்துட்டுப் போலாம்னு வந்தியா? எம்புள்ள சட்ட பட்டன் போட எங்கையப் பாத்துக்கினு நிக்கறான். நல்லா பாத்துக்கினு போ."

இந்திராணி தலை குனிந்து நின்றாள். போகவில்லை. உள்ளேயிருந்து உதயகுமார் வந்தான். இடது கையைத் துண்டால் சுற்றியிருந்தான். "உள்ள வரச் சொல்லும்மா" என்றான்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "தம்பி, நீ அந்தப் பிராக்கெட்ட எப்படிப் புடிச்ச? எனக்குச் செஞ்சி காட்ட முடியுமா?"

இதை அவனிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. விசாரணையில் எத்தனை மணிக்கு, எந்த ஷிஃப்டு, கையுறை போட்டிருந்தானா என்றுதான் கேட்டிருந்தார்கள். அவன் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்தான். அதன்மேல் தீப்பெட்டியை வைத்தான்.

"பிராக்கெட்ல எண்ணெ இருக்கும் மேடம். ரெண்டாவது முளையில டைட்டா ஒக்காரும். சும்மா வெச்சா தூக்கிக்கினு நிக்கும். வெரலால அமுக்கிக்கினே இருக்கணும். கிளாம்ப் வந்து தொட்ட அப்புறம்தான் எடுக்கணும். முன்னாடி எடுத்தா பீஸ் ரிஜக்ட். நான் மட்டும் இல்ல, மூணு ஷிஃப்டுலயும் எல்லாரும் அப்படித்தான் அமுக்கிக்கினு இருந்தாங்க."

"எந்தப் பக்கத்துலருந்து அமுக்குவீங்க?"

அவன் வலது கையால் காட்டினான். கட்டைக்கும் முளைக்கும் நடுவிலிருந்து. கிளாம்ப் சுழன்று வரும் வழி சரியாக அதுதான். அந்த முளையை அவ்வளவு இறுக்கமாக வரைந்ததும் அவள்தான். இறுக்கம் இருந்தால் வேலை சுத்தமாக வரும் என்பது அவள் நம்பிக்கை.

"இதுல எங்கயும் உன் கவனக்குறைவு இல்ல தம்பி" என்றாள். "எடம் இல்லாத எடத்துல உன் கைய வெக்க வெச்சிருக்கேன். நான் அதப் பாக்கல."

காந்தா கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் கைய அளந்துக்கட்டுமா?" என்று இந்திராணி காலிப்பரை எடுத்தாள்.

அவன் வலது கையை நீட்டினான். விரல் ஒவ்வொன்றின் நீளம், கணுக்களின் தடிமன், உள்ளங்கையின் அகலம், அமுக்கும்போது விரல் வளைகிற உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினாள்.

"புடிச்சது எடது கையாச்சே" என்றான்.

"பரவால்ல. கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக்கலாம்."

"அங்க திருப்பிப் போட்டுக்கலாம்" என்றான் அவன்.

அவன் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தாள்.

திங்கட்கிழமை அவளும் ஜீவிதாவுமாக அந்தக் கையை மாடலில் செய்தார்கள். அழகான கை இல்லை. உருளைகளையும் கட்டைகளையும் கோத்த கை. அளவு மட்டும் உதயகுமாருடையது. பிராக்கெட்டின்மேல் அவன் காட்டியபடி விரல்களை வைத்துவிட்டு, இந்திராணி கிளாம்பைச் சுழற்றினாள். பாதி வழியிலேயே இரண்டு விரல்கள் சிவப்பாயின. ஜீவிதா எழுந்து வெளியே போய்விட்டாள். ராமராஜன் வந்து பார்த்தார். "இன்னொருவாட்டி போடு" என்றார். போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"தடுப்புத் தகடு வெச்சா சரியாப் போகுமா?"

"போகாது சார். தகட்டத் தாண்டித்தான் கைய உட்டு அமுக்குவாங்க. அமுக்கற வேலையே இருக்கக் கூடாது."

முளையின் இறுக்கத்தைக் குறைத்தாள். பிராக்கெட்டை விரல் இல்லாமல் நிற்கவைக்க அடியில் ஒரு காந்தம் வைத்தாள். கிளாம்பைச் சுழலாமல் நேராக இறங்கும் வகையாக மாற்றி எதிர்ப்பக்கம் தள்ளினாள். பெடலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் வேலை செய்யும் இரண்டு பட்டன்களைக் கேட்டாள். தொழிற்சாலை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டன் வைத்தால் பீஸுக்கு மூன்று விநாடி கூடும் என்றார்கள். ராமராஜன் அவளையும் தொழிற்சாலையில் நடந்த கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மடிக்கணினியைத் திறந்து பழைய ஃபிக்ஸ்சரில் கிளாம்பை ஒருமுறை இறக்கிக் காட்டினாள். "இது உதயகுமார் கை. அவர் வீட்டுக்குப் போய் அளந்தேன்" என்றாள். மூன்று விநாடிப் பேச்சு அதோடு நின்றது; பட்டனுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அறிக்கையிலிருந்த கவனக்குறைவு என்ற சொல்லை எடுக்கச் சொல்லியும் அவள் கேட்டாள். முளையின் அளவு, கிளாம்பின் வழி, பெடல் மூன்றையும் குறிப்பிட்டு, வரைந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தாள். ராமராஜனுக்கு அதில் தயக்கம் இருந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. அறிக்கையைத் தொழிற்சாலை திருத்தவில்லை. அந்தக் கடிதத்தை அதோடு சேர்த்து வைத்ததாக மட்டும் பதில் வந்தது. அதன் நகலை அவள் மாகறலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காந்தாவுக்குப் படிக்கத் தெரியாது. மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

இப்போது எதை எதில் போடுவது என்பதற்கு இந்திராணி அளவைப் பார்ப்பதில்லை. வெறும் தகடு, கட்டை, துளை என்றால் இன்றைக்கும் டிராயிங்தான். ஒரு காலையில் முடிப்பாள். அசைகிற பாகம் ஒன்று இருந்து, பக்கத்தில் ஒருவர் கை வரும் என்றால், பிராக்கெட் எவ்வளவு சின்னதானாலும் மாடல். கடைசியில் கடைசல்காரர்களுக்குக் காகிதத்தில் மூன்று தோற்றம்தான் போகிறது. அவர்களுக்கு வேண்டியது அதுதான். அதில் கை வரும் இடத்தைப் புள்ளிக்கோட்டில் போட்டுவிடுகிறாள். முதலில் சிலர், "இத எதுக்குமா வெட்டணும்?" என்று கேட்டார்கள்.

"வெட்டறதுக்கு இல்லண்ணா. அங்க ஆள் இருக்காங்க" என்றாள்.

உதயகுமார் தை மாதம் வேலைக்குத் திரும்பினான். பற்றவைக்கும் லைனில் இல்லை, பரிசோதனைப் பிரிவில். இடது கையை இன்னமும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் நடக்கிறானாம். போன வாரம் அவளுக்குப் போன் செய்தான்.

"மேடம், மூணாவது லைன்ல ஒரு ஃபிக்ஸ்சர் இருக்குது. உங்களுது இல்ல, வேற எங்கயோ செஞ்சது. பசங்க அதுலயும் வெரல உட்டுத்தான் புடிக்கறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா?"

இந்திராணி ராமராஜனிடம் சொல்லிவிட்டு, காலிப்பரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.