வடக்கு வாசலைச் சாத்துகிறவர்

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் வடக்குதான். வடக்கேயிருந்து படைகள் வந்த காலத்துக்கு வடக்கர் காலம் என்று பெயர். அவர்களைத் தடுக்கக் கட்டியது வடக்கு வாசல், அதை ஒட்டியது வடக்கு வாசல் தெரு, அந்தத் தெருவில்தான் என் தையல் கடை. மதில் எப்போதோ இடிந்துபோயிற்று. வாசல் மட்டும் நடுரோட்டில் தனியாக நிற்கிறது. வண்டிகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போகும். அந்தக் கதவைத் தினமும் சாத்த நகராட்சி ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த ஆளை வாசல்காரர் என்போம். பொழுது சாய்ந்ததும் வடக்கே பார்த்து, "வெளியே யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். பதில் வந்தால், வருகிறவர் உள்ளே வந்த கையோடு சாத்திவிட வேண்டும். வேலையில் சேரும்போதே சொல்லிக்கொடுத்த முறை அது. ஆனால் பதில் வந்ததே இல்லை. அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வாசலைச் சுற்றி வந்து, "மதிலையே காணோம், கதவுக்குப் பூட்டு ஒரு கேடா?" என்று கிண்டல் செய்வார். இவர் முறைப்பார். நான் பார்த்ததில் அவ்வளவு ஒட்டுதலான புருஷன் பெண்டாட்டி வேறு யாரும் இல்லை.

அந்த அக்காவுக்கு இதயத்தில் கோளாறு வந்தது. ஊருக்கு வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மச்சினியைத் துணைக்கு விட்டுவிட்டு, "நான் அங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கப்போறேன்?" என்று வேலைக்கு வந்துவிட்டார் மனிதர். பயம், வேறென்ன. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று சட்டையெல்லாம் எண்ணெய் ஆக்கிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

"நான்தாங்க. சாத்திடாதீங்க."

அக்காவின் குரல். என் கடை வரைக்கும் கேட்டது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வெறும் ரோடு. அப்போது அவருடைய போன் அடித்தது. மச்சினி அலறியது எனக்கே கேட்டது. "மாமா, அக்காவுக்கு மூச்சு நின்னுபோச்சு!"

போனை என் கையில் திணித்துவிட்டுக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். "வா, வா, நான் சாத்தல!"

சில்லென்று ஏதோ எங்களைத் தாண்டிப் போனது. போனில் மச்சினி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. "மாமா, மூச்சு வந்துடுச்சு! கண்ணைத் தொறந்துட்டா!"

அவர் கதவோடு சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கதவைச் சாத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விடியும்வரை அது திறந்தே கிடந்திருக்கிறது.

அக்கா தேறி வந்து, முதல் நாள் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை சுற்றி வரவில்லை. வாசல் வழியாகவே வந்தார்.

"என்னக்கா, சுத்தி வரலியா?" என்று என் கடையிலிருந்தபடியே சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பின்னாடி அத்தனை பேர் வந்தாங்களே, எல்லாருக்கும் எடம் கெடைச்சுதா தம்பி?" என்று கேட்டார். பிறகு என் கடைக்குள் எட்டிப் பார்த்து, "பரவாயில்ல, உங்ககிட்டயே மூணு பேர் உக்காந்திருக்காங்க" என்றார்.

கடையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.