பாறை இடுக்கில் சிக்கிய ஜெயவேல்

துறைமுகத்தை ஒட்டிய பட்டறையில் ஜெயவேலுக்குக் கப்பல் கொதிகலன்களைச் சுத்தம் செய்யும் வேலை. ஆள் ஒல்லி. மற்றவர்கள் தலையை மட்டும் நுழைத்துப் பார்க்கிற துளைக்குள் அவன் முழு உடம்போடு இறங்கி, இரும்பில் கல்லாய்ப் படிந்த உப்பைச் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பான். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் பயந்ததில்லை.

1928 பங்குனியில், தெலுங்கு வருஷப்பிறப்புக்குப் பட்டறை மூடினார்கள். உடன் வேலை பார்த்த அப்துல் வஹாபும் பரசுராமனும் அவனை மலைக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாளே ரயிலேறித் தடாவில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து அடிவாரம் போய்ப் படுத்தார்கள். விடிந்ததும் காட்டுக்குள் நடந்தார்கள். புரச மரங்கள் இலையில்லாமல் சிவப்பாய்ப் பூத்திருந்தன. உச்சியில் ஏறி நின்றபோது பழவேற்காட்டு ஏரி தகடுபோலத் தெரிந்தது. ஜெயவேல் வெகுநேரம் அங்கேயே நின்றான். அவ்வளவு காற்றை அவன் ஒரே இடத்தில் கண்டதில்லை.

மறுபக்கம் இறங்கினால் அருவி. தண்ணீர் குறைவாகத்தான் விழுந்தது. அதன் பின்னால் பாறையில் ஒரு இடுக்கு.

"உள்ள ஒரு லிங்கம் கீதாம். விறகு வெட்றவன் சொன்னான்" என்றான் பரசுராமன்.

"பாத்துட்டு வந்துர்றேன்" என்று ஜெயவேல் கைகளை முன்னே நீட்டித் தலை முன்னாக நுழைந்தான்.

உள்ளே பாறை கீழ்நோக்கிச் சரிந்தது. நான்கு முழம் போனதும் மார்பு சிக்கிக்கொண்டது. பின்னால் நகரப் பார்த்தான், முடியவில்லை. கொதிகலனுக்குள் என்றால் தகட்டில் மூன்று தட்டுத் தட்டுவான், வெளியே இருக்கிறவன் இழுத்துவிடுவான். இங்கே கல்லைத் தட்டினால் சத்தமே எழவில்லை. கத்தினான். அருவி இரைச்சல் அதை விழுங்கியது. முகத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. லிங்கம் எதுவும் இல்லை.

போனவன் திரும்பவில்லையே என்று வஹாபும் பரசுராமனும் உள்ளே கைவிட்டு அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் பயத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்க, மார்பு இன்னும் இறுகியது. வெயில் மேற்கே சாயும்வரை அப்படியே கிடந்தான். கடைசியில் வஹாப் பின்னாலேயே ஊர்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

"நைனா, மூச்ச வுடு. இன்னும் வுடு. உள்ள ஒண்ணும் வச்சுக்காத."

விட்டான். முதுகுத் தோல் கல்லோடு போக, வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு கொதிகலன் துளை அருகே போகவே அவன் பயந்தான். மேஸ்திரியிடம் வேறு வேலை கேட்டான். "உன் உடம்புக்கு வேற இன்னா வேல குடுக்கறது?" என்றார் அவர். அதனால் இறங்கினான். வெளியே வந்து வாந்தி எடுத்தான். மறுநாளும் இறங்கினான். வஹாப் தன் வேலைக்கு நடுவே ஓடிவந்து, துளை அருகே நின்று எதையாவது பேசிக்கொண்டிருப்பான்.

வீட்டில் அவன் சோற்றுத் தட்டோடு தெருவுக்குப் போய்விடுவதை மனைவி மங்கை கவனித்தாள்.

"இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள துன்ன மாட்டேன்ற?"

நான்கு மாதமாக மறைத்ததைச் சொன்னான்.  மறுநாள் அவள் எர்ணாவூருக்கு நடந்துபோய், உப்பளத்தில் இருந்த தன் அண்ணன் கருணாகரனிடம் அவனுக்கு வேலை கேட்டுவிட்டு வந்தாள். ஆடி முடிவதற்குள் அங்கே குடிபோனார்கள்.

உப்பளத்தில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. உப்பு வாரி வாரி அவன் பாதம் வெடித்தது, கண் எரிந்தது. ஆனாலும் வயிறாரச் சாப்பிட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் நீரில் மூழ்கின. மூன்று வாரம் வேலை இல்லை. அடுப்பு இரண்டு நாள் எரியாதபோது, பட்டறையில் ஆள் தேடுவதாக வஹாப் சொல்லி அனுப்பினான்.

"போவாத. நான் யார் வூட்லயாவது பாத்திரம் தேய்க்கறேன்" என்றாள் மங்கை. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

ஜெயவேல் போனான். மேஸ்திரி விளக்கைக் கொடுத்தார். துளை விளிம்பைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றான். பிறகு மூச்சை முழுக்க விட்டுவிட்டு உள்ளே இறங்கினான்.

தை பிறக்கும்வரை தினமும் இறங்கினான். பாத்திகள் காய்ந்ததும் உப்பளத்துக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொதிகலனுக்குள் இறங்கினான்.