நின்றுபோன விசில்

கைபேசி இவ்வளவு பரவாத காலம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் சர்வர் பொருத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. பொறியியல் படித்துவிட்டு அலுவலகங்களுக்குத் தொலைபேசி இணைப்பு அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதுவரை அங்கே ஆளாளுக்குத் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரே மெஷின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். சர்வர் வந்தால் அவரவர் மேசையிலிருந்தே அனுப்பலாம். அது ஒரு கம்ப்யூட்டர்தான். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, லைன் காலியாகும்போது தானே டயல் செய்து அனுப்பிவிடும்.

முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒரு தாள்கூட விட்டுப்போகக் கூடாது சார். போய்ச் சேர்ற வரைக்கும் அது அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

அப்படியே அமைத்தேன்.

அந்தக் கம்பெனியில் வெளியே பேச வேண்டுமானால் முதலில் பூஜ்யத்தை அழுத்த வேண்டும். சர்வர் அதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க, ஆனையூரில் என் வீட்டு நம்பரைக் கொடுத்தேன். மணி அடித்தது, மனைவி எடுத்தாள். லைன் வெளியே போகிறது என்று தெரிந்ததும் திருப்தியோடு கிளம்பினேன். அனுப்பச் சொன்ன சோதனைத் தாளை நீக்க மறந்துவிட்டேன். என் வீட்டில் இருந்தது வெறும் தொலைபேசி. எந்தக் காலத்திலும் அது தாளை வாங்கிக்கொள்ளாது. சர்வருக்கு அது எப்படித் தெரியும்? சாயங்காலம் கம்பெனியைப் பூட்டும்போது அதையும் அணைத்துவிடுவார்கள். பகலில் லைன் காலியாக இருக்கும் மதிய நேரங்களில் என் வீட்டை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தது.

அழைக்கிற ஃபேக்ஸ் பேசாது. சின்னதாக ஒரு கூவல், கொஞ்சம் மௌனம், மறுபடி அதே கூவல். தெரியாதவர் காதுக்கு, யாரோ விசிலடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல இருக்கும்.

"ஏங்க, எவனோ போன் போட்டு விசிலடிக்கிறான்" என்றாள் மனைவி.

"ராங் நம்பரா இருக்கும்."

"ராங் நம்பரு நான் தனியா இருக்கற நேரமாப் பாத்தா வரும்?"

பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தினாள். காய்கறி வண்டி வந்தால்கூடக் கதவைத் திறப்பதில்லை. ஒருநாள் வீடு திரும்பியபோது தொலைபேசியின்மேல் இரண்டு தலையணைகள் கிடந்தன. யார் என்றும் அவளே முடிவு செய்துவிட்டாள். வாடிப்பட்டியில் இருந்த அவளுடைய தாய்மாமன் மகன். முறைப்படி அவளைக் கேட்டவர். அவள் மாட்டேன் என்ற பிறகுதான் எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இளவயதில் அவள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டே போவாராம்.

"அந்த மச்சான்தான். வேணாம்னு சொன்னத இன்னும் மறக்கல" என்றாள். தன் தம்பியிடமும் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். மதியம் தொலைபேசி அடித்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் எடுத்தேன். முதல் கூவலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நீக்க மறந்த சோதனைத் தாள்.

"யாருங்க?"

"கட்டாயிருச்சு."

அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை காலம் என்னை நானே ஏமாற்றி வந்திருக்கிறேன். சொல்லாததற்கு நான் வைத்துக்கொண்ட காரணம், சற்று நேரத்தில் வாசலில் வந்து நின்ற மைத்துனனின் பைக். அவன் வலது கை வீங்கியிருந்தது.

"அக்கா, இனிமே ஒரு பய போன் பண்ண மாட்டான். நேரா வாடிப்பட்டி போயி செவுள்லயே ஒண்ணு விட்டேன். சுருண்டு விழுந்துட்டான்."

"ஒத்துக்கிட்டாரா?"

"எவன் ஒத்துக்குவான்? ஆத்தா மேல சத்தியம் பண்றான். சினிமாக்காரன் தோத்தான் போ." பிறகு என்னைப் பார்த்தான். "என்ன மாமா இம்புட்டு வேர்த்திருக்கு? பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல."

வாடிப்பட்டியில் அவர் அடிபட்டுக் கிடந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்திருக்கிறது. யாரும் அந்த நேரத்தைப் பொருத்திப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த வீங்கிய கையையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காய்ச்சலோடு பஸ் ஏறிக் கப்பலூர் போய் அந்தத் தாளை நீக்கினேன். பக்கத்தில் நின்றவர் "என்ன சார் கோளாறு?" என்று கேட்டதற்கு, "சும்மா செக்கிங்தான்" என்றேன்.

அன்றோடு அழைப்பு நின்றது. "பாத்தீங்களா மாமா, அடி விழுந்ததும் நின்னுருச்சு!" என்றான் மைத்துனன். ஊரே அதை நம்பியது. பயந்துபோய் நான் செய்த காரியம் அவர்மேல் பழியை உறுதியாக்கிவிட்டது. அதன்பின் எங்கள் பக்கத்து விசேஷங்கள் எதற்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் இப்போது நான்தான் நடுங்கினேன். கம்பெனியிலிருந்து யாராவது, "உங்க வீட்டு நம்பருக்கு எங்க சர்வர் எதுக்கு சார் இத்தனை தடவை அடிச்சுது?" என்று கேட்டுவிடுவார்களோ, மனைவி எடுத்துவிடுவாளோ என்று ஓடிப்போய் நானே எடுப்பேன். பிறகு மைத்துனன் இறந்தான். அவன் கைக்குப் பயப்பட இனி ஒன்றுமில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. மனைவியின் முகத்துக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

போன மாதம் வாடிப்பட்டிக்காரருடைய மகளின் கல்யாணப் பத்திரிகையை உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறாரு?"

அப்போது சொன்னேன். பூஜ்யம், சோதனைத் தாள், கூவல், காய்ச்சல் எல்லாவற்றையும். அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? சட்டையப் போடுங்க."

வாடிப்பட்டியில் அவருடைய டயர் கடைக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அவர் நரைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் மனைவியைக் கண்டதும் எழுந்தார். அவள் கும்பிட்டாள். என்னைக் கைகாட்டினாள்.

அவர் அருகில் போய் நின்று, ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாகத் தன் மறுபக்கம் இழுத்தார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கண்ணே. அந்தக் காது அன்னையிலருந்தே கேக்காது."

மறுபக்கம் போய் நின்றேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.